பழைய காடி வாங்கும்முன் எண்ணைக் கேளுங்கள்



சென்ற மாதம் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் என்னுடைய கையெழுத்தைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது.

என்னிடம் ஆறாம் வகுப்பு வரை படித்த பையன் ஒருவன் இப்போது பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். மனைவி, இரண்டு பிள்ளைகள், தோட்டத்தில் பால்வெட்டி அவனை ஆளாக்கிய தாயார் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம். மழையில் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது இனி முடியாது, உயரமான எஸ்.யூ.வி வாங்கப் போகிறேன், பழையதுதான், 24,000 வெள்ளி, கூட்டுறவுக் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் சார் என்று வந்து நின்றான். பக்கத்தில் அவன் தாயார். "வாத்தியாரு ஐயா, நீங்க ஒரு தடவை பார்த்துட்டுச் சரின்னா சரிதான்" என்றார்.

நானும் பார்க்கப் போனேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் பார்த்தேன். 2017 நவம்பரில் பினாங்கைப் புரட்டிப் போட்ட வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். நீரில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரும் என்று அப்போதே கேள்விப்பட்டிருந்தேன். அதனால் இருக்கை வாரைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சேற்றுக் கறை உண்டா என்று பார்த்தேன். இருக்கைக்கு அடியில் உள்ள திருகாணிகளில் துரு இருக்கிறதா, மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் மண் இருக்கிறதா, கம்பளத்தைத் தூக்கினால் ஊசல் வாடை வருகிறதா என்றெல்லாம் சோதித்தேன். மீட்டர் காட்டிய ஓட்டத்துக்கும் தேய்ந்த பிரேக் மிதிக்கும் பொருத்தம் உண்டா என்றும் கவனித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைத் தவுக்கே புஸ்பாகோம் சோதனைச் சீட்டை எடுத்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். கெரான் நகல் ஒன்றை வாங்கிப் பள்ளி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

தைப்பூசத்துக்கு அந்தக் காரிலேயே தண்ணீர்மலைக்குப் போனோம். இரண்டாம் பாலத்தின் வழியாகத்தான் போனோம். 2014-ல் திறந்த அந்தப் பாலம் மொத்தம் 24 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. அவன் தாயாருக்கு முழங்கால் மடங்காது என்பதால் முன் இருக்கை அவருக்கு. நான் பிள்ளைகளோடு பின்னால். கிழவிக்கு அன்று ஒரே பெருமை. பத்து காவானில் கரும்பும் ரப்பரும் செம்பனையும் பார்த்த தலைமுறை அவருடையது. அந்த மண்ணிலிருந்து கடலுக்கு மேலே சொந்த மகனின் காரில் போகிறோம் என்பதை வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு வந்தது. சக ஆசிரியை ஒருவர், தம்முடைய பழைய சிறிய காருக்கு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். காற்றுப்பையை இலவசமாக மாற்றித் தருகிறார்களாம். "சேசிஸ் எண்ணைத் தட்டினால் கைப்பேசியிலேயே தெரிந்துவிடுகிறதே, உங்கள் மாணவர் வாங்கின காருக்குப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. இழுப்பறையைத் திறந்து கெரான் நகலை எடுத்துக் கொடுத்தேன். அவர் எண்ணைத் தட்டினார். முன் இருக்கைப் பயணிக்கான காற்றுப்பை இன்னும் மாற்றப்படவில்லை என்று வந்தது.

அந்தக் கிழவி உட்கார்ந்து வந்த இருக்கை அது. எண்ணோ இரண்டு மாதமாக என் இழுப்பறையில் இருந்திருக்கிறது.

இதைச் சற்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாகனத்தைச் செய்து விற்ற பிறகு அதில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்தால், நிறுவனமே அந்த வாகனங்களைத் திருப்பி அழைத்துச் செலவில்லாமல் சரிசெய்து தருவதை ரீகால் என்கிறார்கள். இதில் உலகத்திலேயே பெரியது ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் செய்த காற்றுப்பைகளால் வந்தது. பல நாட்டுக் கார் நிறுவனங்கள் அந்தப் பைகளை வாங்கிப் பொருத்தியிருந்தன. ஏறக்குறைய 10 கோடிப் பைகள் திரும்ப அழைக்கப்பட்டன. தக்காத்தா 2017-ல் திவாலாயிற்று. நம் நாட்டில் ஹோண்டா சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்ட் போன்ற கார்களோடு, பழைய எஸ்.யூ.வி தேடுகிறவர்கள் அதிகம் விரும்பும் சி.ஆர்.வி-யின் சில ஆண்டு வண்டிகளும் இந்தப் பட்டியலில் உண்டு.

குறை என்ன? காற்றுப்பைக்குப் பின்னால் ஒரு உலோகக் குப்பி இருக்கிறது. அதற்குள் வில்லைகளாக அழுத்திய ஒரு ரசாயனம். கார் மோதியவுடன் மின்பொறி பட்டு அது எரிந்து வாயுவாகிப் பையை ஊத வைக்கிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தக்காத்தா பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட். பெயரைக் கேட்டதும் தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்கு விளங்கியிருக்கும். வாய் திறந்த உரச் சாக்கு மழைக்காலத்தில் என்னவாகிறது என்று நமக்குத் தெரியும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குப்பிக்குள்ளும் அதுவேதான். வருடக்கணக்கில் ஈரமும், பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டு வில்லைகள் உள்ளேயே சிதைந்து போகின்றன. ஒரு விறகுக் கட்டை நின்று எரியும். அதையே இழைத்துச் சுருளாக்கிக் கொளுத்தினால் குப்பென்று எரிந்துவிடும் அல்லவா? அதுபோல சிதைந்த வில்லை அளவுக்கு மீறிய வேகத்தில் எரிய, குப்பியே வெடித்து இரும்புத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. உயிரைக் காக்க வைத்த பை உயிரைக் குடிக்கிறது.

வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில்தான் இது அதிகம் நடந்தது. நம் ஊரைவிட வேறு எந்த ஊரை அப்படிச் சொல்வது? அமெரிக்காவுக்கு வெளியே தக்காத்தா பையால் நேர்ந்ததாக உறுதியான முதல் சாவு நம் மலேசியாவில்தான். 2014 ஜூலையில், சரவாக்கின் சிபுவில், 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஓட்டிப்போன ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை. அது பெரிய மோதல்கூட இல்லை. 2016-ல் சபாவிலும், நமக்குப் பக்கத்துக் கெடாவிலும் ஹோண்டா சிட்டி ஓட்டியவர்கள் இறந்த விபத்துகளில் இதே குப்பி வெடித்திருந்தது.

"கடிதம் வந்திருக்குமே, ஏன் போகவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கடிதம் நிறுவனத்திடம் உள்ள முகவரிக்குப் போகிறது. பழைய கார் மூன்று கை மாறியிருக்கும். முதல் சொந்தக்காரர் கோலாலம்பூரில் வீடு மாறியிருப்பார். இடையில் வாங்கியவர் விற்கத்தானே போகிறோம் என்று கிழித்துப் போட்டிருப்பார். 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2001-ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் ஓட்டிய ஒரு பெண் இப்படித்தான் இறந்தார். அந்தக் காரின் சொந்தக்காரர்களுக்கு வருடக்கணக்கில் 20-க்கும் மேற்பட்ட அறிவிப்புகள் அனுப்பியதாக நிறுவனம் சொன்னது. கடைசி வரை பை மாற்றப்படவே இல்லை. கடிதத்தை நம்பி உட்காரக் கூடாது. ஆள் மாறினாலும், ஊர் மாறினாலும், நம்பர் பிளேட்டே மாறினாலும் சேசிஸ் எண் மாறாது. ரீகால் அந்த எண்ணோடுதான் ஒட்டிக்கொண்டு வருகிறது.

புஸ்பாகோம் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஏமாந்த இடம் அது. பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை மிகவும் தேவையானது. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கெரானோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அடிப்பாகம், பிரேக் முதலியவற்றைச் சோதிப்பார்கள். ஆனால் ஸ்டீயரிங்கைக் கழற்றிக் குப்பியைப் பார்ப்பது அவர்கள் வேலையல்ல. சீட்டு இருக்கிறது என்பதால் ரீகால் பாக்கி இல்லை என்று ஆகாது.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கெரான் நகலைக் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் நிற்கவே வேண்டாம். அதிலுள்ள சேசிஸ் எண்ணும் காரில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். வழக்கமாக 17 எழுத்தும் இலக்கமும் இருக்கும். அந்தப் 17-ல் இங்கிலீஷ் ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே வராது. எனவே ஐ போலத் தெரிவது ஒன்று, ஓ போலத் தெரிவது பூஜ்யம். என் மாணவன் முதல் தடவை பூஜ்யத்தை ஓ என்று எழுதிக்கொண்டு வந்தான். ஆறு வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான், யாரை நோவது? எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தட்டலாம். அது வராதவர்கள் நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பட்டறைக்குத் தொலைபேசியில் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

காற்றுப்பையை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "இந்த எண்ணுக்கு என்னென்ன பாக்கி?" என்று கேளுங்கள். 2020 முதல் டென்சோ நிறுவனத்தின் பெட்ரோல் பம்புகளுக்காக டொயோட்டா, ஹோண்டா முதலிய நிறுவனங்கள் உலகெங்கும் லட்சக்கணக்கான வாகனங்களை அழைத்தன. பம்புக்குள் சுழலும் சிறிய பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறி உப்பி, சுவரில் உராய்ந்து நின்றுவிடும். எஞ்சினும் ஓட்டத்தில் நின்றுவிடும். வீட்டு வாசலில் நின்றால் தள்ளிவிடலாம். இரண்டாம் பாலத்தின் நடுவில், பின்னால் லாரி வரும்போது நின்றால்?

விற்பவர் "எல்லாம் மாற்றியாச்சு" என்று சொன்னாலும் எண்ணைப் பாருங்கள். ஆரம்பத்தில் மாற்றிய குப்பிகளில் சிலவற்றைப் பிறகு மறுபடியும் மாற்ற வேண்டி வந்ததுண்டு. முன்பு பெரிய விபத்தில் சிக்கிய காராக இருந்தால் இன்னொரு தொல்லை. வெடித்த பைக்குப் பதிலாக 'ஹாஃப் கட்' கடையிலிருந்து வேறொரு காரின் பையை எடுத்துப் பொருத்தியிருக்கலாம். அதைச் சேசிஸ் எண் காட்டிக் கொடுக்காது. விபத்துக் கார் என்று தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

கடைக்காரர் பொய் சொல்லி விற்றது பிறகு தெரியவந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டியதில்லை. ஆனால் தெரிந்தவர், நண்பர் என்று தனி ஆளிடம் வாங்கினால் அந்த வழி இல்லை. தோட்டத்தில் நாம் பெரும்பாலும் தெரிந்தவரிடம்தானே வாங்குகிறோம்.

என் மாணவன் விஷயத்துக்கு வருகிறேன். அன்று மாலையே அவனை வரச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் பட்டறைக்குத் தொலைபேசி செய்தான். ஒன்பது நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அதுவரை முன் இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கிழவி பின் இருக்கையில் காலை நீட்ட இடமில்லாமல், "வாத்தியாரு என்னைப் பின்னால தள்ளிட்டாரு" என்று கோவிலில் பார்த்தவர்களிடமெல்லாம் முறையிட்டாராம். மாற்றி முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு காசு வாங்கவில்லை.

போன வாரம் அதே பையன் தன் மச்சானை அழைத்துக்கொண்டு வந்தான். அவனுக்கும் எஸ்.யூ.வி, அவனுக்கும் ஜாமீன். கேட்பதற்கு முன்பே கெரான் நகலை எடுத்து மேசைமேல் வைத்தான். ஜப்பானில் ஓடி ரீகண்டிஷனாக இறக்குமதியான வண்டி அது. எண்ணிப் பார்த்தோம், 17 இல்லை. ஜப்பான் உள்ளூர் வண்டிகளுக்கு எண் இப்படிச் சிறியதாகத்தான் இருக்கும். அங்குள்ள நிறுவனத்தின் பக்கத்தில் அந்த எண்ணைக் கொண்டு பார்க்க வேண்டும், அதுவோ ஜப்பானிய மொழியில் இருக்கிறது. பினாங்கில் ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் பழைய மாணவி ஒருத்திக்கு எண்ணை அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. கையெழுத்து இன்னும் போடவில்லை.