ஹார்ன் பிரேக் ஆகாது

கிளைத் தெருவிலிருந்து பெரிய சாலைக்கு ஒரு பைக் வருகிறது. முனையில் வேகம் குறைவதில்லை. ஹார்ன் மட்டும் அலறுகிறது. இடப்பக்கம்தானே திரும்புகிறோம் என்று, வண்டி ஓட்டுபவர் வலப்பக்கம் பார்ப்பதுமில்லை. எதிர்ப்பட்டவர் பிரேக் பிடித்துவிட்டால் நாலு வசவோடு போகும். பிடிக்கத் தவறினால் 108-ஐ அழைக்க வேண்டியதுதான். சிக்னல் இல்லாத சந்திப்புகளில் முந்துபவருக்கே வழி என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது.

எழுதப்பட்ட சட்டம் வேறு. 1989-ஆம் ஆண்டு சாலை விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த விதிகளும் இதில் ஒன்றையே சொல்கின்றன: சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், கிளைச் சாலையிலிருந்து வருபவர் பிரதான சாலையில் செல்பவருக்கு வழிவிட வேண்டும், மற்ற சந்திப்புகளில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை.

இதை அறிந்து வண்டி ஓட்டுபவர் எத்தனை பேர்? மைதானத்தில் கால் ஊன்றாமல் ‘எட்டு’ போட்டுக் காட்டினால் ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிடுகிறது. எட்டு போடுவது வண்டியைச் சாயாமல் வளைக்கும் திறமைக்குச் சான்று. தெருமுனையில் நின்று கவனிக்கும் பொறுமைக்குச் சான்றல்ல.

2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. தலைக்கவசத்தை வலியுறுத்தும் காவல்துறையின் முயற்சி தேவையானதே. ஆனால் தலைக்கவசம் காப்பது மோதிய பிறகு; மோதாமல் காப்பது வேகக் குறைப்பு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். வேகம் 20 ஆனால் அது ஐந்தரை மீட்டர்தான். உயிர் பிழைப்பது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான்.

பழி முழுவதையும் வண்டி ஓட்டுபவர்கள்மீது போட்டுவிடவும் முடியாது. முனையை மறைக்கும் பிளெக்ஸ் பேனர், வளைவிலேயே நிறுத்தப்படும் ஷேர் ஆட்டோ, சாலைக்கு நீண்டுவிட்ட கடைக் கூரை ஆகியவற்றுக்கிடையே வலப்பக்கம் பார்க்க நினைப்பவருக்கும் எதுவும் தெரிவதில்லை. முனைகளை மறைப்பின்றி வைத்திருப்பது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு.

எல்லா முனையிலும் சிக்னல் வைப்பது நடக்கிற காரியமல்ல. இருக்கும் சிக்னல்கள் பலவும் இரவில் மஞ்சளாக மின்னுவதோடு சரி. எனவே கிளைச் சாலை முனைகளில் ‘வழிவிடு’ பலகையும் நிறுத்தக் கோடும் வேகத்தடையும் வேண்டும். சந்திப்பில் வேகம் குறைத்து, இருபுறமும் பார்த்து, வழிவிடுவதை உரிமத் தேர்வில் கட்டாயமாக்க வேண்டும். தலைக்கவசம் அணியாதவருக்கு அபராதம் விதிக்கும் காவலர், முனையில் சீறி வருபவரையும் நிறுத்த வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. அடுத்த முனையில் கை ஹார்னுக்குப் போகும் முன் பிரேக்குக்குப் போகட்டும்.