வீட்டில் யாருக்கு வேண்டும் இந்த வேகம்?



போன மாதம் ஒரு வேலையாக மேல்விஷாரம் போயிருந்தேன். நம் பத்திரிகையை ரொம்ப நாளாக வாசித்துவரும் ஒரு சகோதரியின் வீடு அங்கே இருக்கிறது. ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் வேலை அவருக்கு. காலையில் ஆறரை மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார்.

டீயை நீட்டிய கையோடு கேட்டார்: "அக்கா, பையன் 5ஜி போன் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். வாங்கித் தரலாமா வேணாமா, நீங்களே சொல்லுங்க."

பையன் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் பி.காம். முதல் வருஷம். கதவோரம் நின்றபடி, "யூடியூப்ல கிளாஸ் பார்த்தா சுத்திக்கிட்டே இருக்கு ஆன்ட்டி. ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் 5ஜி இருக்கு" என்றான்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஓடுகிறதா? ஓடாத வீடு குறைவு என்றுதான் நினைக்கிறேன். அன்று அந்த வீட்டுப் பாயில் உட்கார்ந்து பேசியதையே இந்த மாதம் உங்களோடும் பேசுகிறேன்.

வீட்டில் இருக்கும் போன்களை எல்லாம் முதலில் எடுத்துவரச் சொன்னேன். நாலு வந்தன. பையனுடையது இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய 4ஜி போன். பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு ஒன்று. பாட்டிக்குப் பட்டன் போன். நாலாவது அம்மாவுடையது, பையன் பழசாக்கிக் கொடுத்தது. ஸ்கிரீனின் ஒரு மூலை முழுக்க விரிசல். பின்பக்க மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுமாம். மளிகைக் கடையில் ஜிபே பண்ணும்போது அப்படியே உறைந்து நிற்குமாம். "பின்னாடி நிக்கிறவங்க உச்சு கொட்டுவாங்க அக்கா" என்று சிரித்தார்.

சரி, பையனின் கேள்விக்கு வருவோம். 5ஜி வந்து எத்தனை நாளாகிறது? 2022 ஆகஸ்ட் 1-ல் முடிந்த அரசு ஏலத்தில் போன் சேவைக் கம்பெனிகள் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு அலைவரிசை எடுத்தன. அக்டோபர் 1-ல் டெல்லியில் பிரதமர் சேவையைத் தொடங்கிவைத்தார். ஆரம்பத்தில் 239 ரூபாய் ரீசார்ஜ் செய்தவருக்கே அன்லிமிடெட் 5ஜியைக் கூடுதல் காசு இல்லாமல் கொடுத்தார்கள். அதை நம்பி எத்தனையோ பேர் போன் மாற்றினார்கள்.

2024 ஜூலையில் கட்டணம் ஏறியது. ஜியோவில் அந்த 239 ரூபாய் ப்ளான் 299 ஆனது. அன்லிமிடெட் 5ஜி வேண்டுமென்றால் தினம் 2 ஜிபி தரும் ப்ளானோ அதற்கு மேலோதான் போட வேண்டும் என்றார்கள். 28 நாளுக்கு 349 ரூபாய். ஏர்டெலும் அன்லிமிடெட் 5ஜிக்கு இதே 2 ஜிபி விதியைத்தான் வைத்தது. ஏலத்தில் போட்ட பணம் நம் ரீசார்ஜிலிருந்துதானே திரும்ப வர வேண்டும்? அதைக் குறை சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்கிறேன்.

299-க்கும் 349-க்கும் 50 ரூபாய்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் 28 நாள் என்பது மாதம் இல்லை. வருஷத்துக்கு 12 முறை அல்ல, 13 முறை ரீசார்ஜ் வரும். ஒரு போனுக்கு 650 ரூபாய். அந்த வீட்டில் நெட் போடுகிற போன் மூன்று. மூன்றையும் மாற்றினால் வருஷத்துக்கு 1,950 ரூபாய். இது வெறும் ரீசார்ஜ். புதுப் போனுக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் தனி.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று தோலையும் ஷூவையும் நம்பி வாழ்கிற ஊர்களில் இந்தக் காசு சின்னது இல்லை. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் வயிற்றைக் கலக்கியது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஓவர்டைம். ஓவர்டைம் காசில்தான் பல வீடுகளில் போன் தவணையே ஓடுகிறது.

செலவு தெரிந்துவிட்டது. தேவை எவ்வளவு?

சாதாரணமாக 480பி தரத்தில் ஒரு யூடியூப் வீடியோ தடங்கலில்லாமல் ஓட நொடிக்கு 1.1 மெகாபிட் வேகம் போதும் என்று யூடியூபே சொல்கிறது. பளிச்சென்ற 1080பி-க்கு 5 மெகாபிட். ஜிபே, போன்பே பண்ணுவதற்கு இதில் ஒரு துளி போதும். ஒழுங்காகக் கிடைக்கிற 4ஜியில் இதெல்லாம் தாராளமாக நடக்கும். அப்படியானால் பையனுக்கு ஏன் சுற்றுகிறது?

"எப்ப சுத்துது?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல" என்றான். போனை வாங்கி டேட்டா கணக்கைப் பார்த்தோம். அன்றன்றைய ஒன்றரை ஜிபி சாயங்காலத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. அதில் பெரும்பகுதி ரீல்ஸ். தினசரி அளவு தீர்ந்ததும் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கிவிடும். 480பி வீடியோவுக்கு வேண்டியதில் அது பதினேழில் ஒரு பங்கு. சுற்றாமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் பார்த்தோம். போனில் இடம் நிறைந்து வழிந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீடியோக்களும் 'குட் மார்னிங்' படங்களும் அடைத்துக்கொண்டிருந்தன. போன் திணறினாலும் நாம் பழி போடுவது நெட்வொர்க் மேல்தான்.

"அன்லிமிடெட் 5ஜி இருந்தா ஒன்றரை ஜிபி தீர்ற பிரச்னையே இல்லையே ஆன்ட்டி?" என்றான். நியாயமான கேள்வி. பதிலை வாயால் சொல்லாமல், பக்கத்து வீட்டுத் தம்பியின் 5ஜி போனைக் கேட்டு வாங்கினோம். வாசலில் நின்றால் மேலே 5ஜி என்று காட்டியது. நடுவீட்டில் ஒரு கோடு. பையன் உட்கார்ந்து படிக்கும் பின்னறைக்குப் போனதும் 4ஜிக்கு மாறிவிட்டது. பழைய வீடு, கெட்டியான சுவர்.

காரணம் இருக்கிறது. 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வேகம் நிறைய கொடுக்கும். சுவரைத் துளைத்துவர அவ்வளவு திராணி கிடையாது. சுவர் தாண்டும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அந்த ஏலத்தில் எடுத்தது ஜியோ மட்டும்தான். எந்த டவர் உங்கள் தெருவுக்கு எவ்வளவு பக்கம் என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். 5ஜி எட்டாத அறையில் அன்லிமிடெட்டும் கிடையாது. பழையபடி தினசரி அளவிலிருந்துதான் கழியும். சிக்னல் தேடித்தேடி பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

பையன் அன்றைக்கே ஒரு வேலை செய்தான். யூடியூப் தரத்தை 480பி-க்குக் குறைத்தான். அந்தத் தரத்தில் ஒன்றரை ஜிபிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரப் பாடம் பார்க்கலாம். 1080பி-யில் வைத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கரும்பலகையில் எழுதியிருப்பதைப் படிக்க 480பி போதாதா?

அப்படியானால் 5ஜியால் பயனே இல்லையா? அப்படிச் சொன்னால் அது பொய்.

பெருநாள் காலையை நினைத்துப் பாருங்கள். தொழுகை முடிந்து ஊரே ஒரே நேரத்தில் வீடியோ கால் போடும். தெருவில் எல்லோரும் ஒன்றாகக் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாக வருகிற மாதிரி, அப்போது 4ஜி நூலாகிவிடும். 5ஜிக்கு அகலமான குழாய். கூட்டத்திலும் ஓடும். கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்ட் மாதிரியான இடங்களில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தொழிலுக்கு வேண்டியவர்களும் இருக்கிறார்கள். சாம்பிள் ஷூவை நாலு பக்கமும் வீடியோ எடுத்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு உடனே அனுப்ப வேண்டிய மெர்ச்சண்டைசர், வீட்டிலிருந்தே சென்னை ஐடி கம்பெனிக்கு வேலை செய்கிற பெண், பெரிய ஃபைல்களோடு மல்லுக்கட்டும் இன்ஜினீயரிங் மாணவர். இவர்களுக்கு மிச்சமாகும் நேரம் காசு. தயங்காமல் எடுக்கட்டும்.

அந்தச் சகோதரியின் கணவர் துபாயில் இருக்கிறார். "அவரோட பேசறப்போ முகம் அப்படியே நின்னுடுது அக்கா, 5ஜி வந்தா சரியாகுமா?" என்று கேட்டார். துபாயில் வாட்ஸ்அப் காலுக்கு அனுமதி இல்லாததால், அங்கிருப்பவர்கள் போட்டிம் போன்ற ஆப்பில் பேசுகிறார்கள். பேச்சுக்கு இரண்டு முனை உண்டு. தொழிலாளர் கேம்ப் அறையில் ஆறு பேர் ஒரே வைஃபையைப் பங்கு போட்டால், இங்கே நாம் எவ்வளவு வேகம் வாங்கினாலும் முகம் நிற்கத்தான் செய்யும். அவர் வெளியே வந்து தன் சிம் நெட்டில் ஒருநாள் பேசிப் பார்க்கட்டும் என்றேன். காசு செலவழிக்கும் முன் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வது நல்லதில்லையா?

எனக்கு ஒரு கவலையும் உண்டு. சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேகம் கூடினால் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்து கூடுமா? ரீல்ஸ்தான் இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடும். தினசரி அளவு என்பது பல வீடுகளில் அம்மாவுக்குப் பதிலாக "போதும், படு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் தடுப்பை எடுத்துவிடும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

என் முடிவைக் கேட்டால் இதுதான். நன்றாக ஓடுகிற 4ஜி போனை 5ஜிக்காக மட்டும் மாற்ற வேண்டாம். போன் தானாகப் போய், புதுசு வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது 5ஜி உள்ளதாகவே வாங்குங்கள். நாலைந்து வருஷம் வைத்திருக்கப்போகிற பொருள் அல்லவா? சிம் மாற்றத் தேவையில்லை. இருக்கிற 4ஜி சிம்மே போதும்.

வாங்கும் முன் 5ஜி வைத்திருக்கும் யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டு, நீங்கள் அதிகம் உட்காரும் இடத்தில் பரிசோதித்துப் பாருங்கள். கம்பெனிகள் கவரேஜ் மேப்பை இணையதளத்தில் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதி வைத்திருக்கிறது; அதையும் பார்க்கலாம். ஒரு மாதம் எத்தனை ஜிபி ஓடுகிறது என்று போன் செட்டிங்ஸிலேயே தெரியும். தினசரி அளவே மிஞ்சுகிறவருக்கு அன்லிமிடெட் எதற்கு?

வீட்டில் எல்லோருக்கும் ஒரே ப்ளான் என்ற பழக்கத்தையும் விட்டுவிடுவோம். யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் பெரிய ப்ளான். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு நெட் சேர்த்து ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறீர்களா? பேசவும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரிலேயே ட்ராய் உத்தரவு போட்டுவிட்டது. ரீசார்ஜ் கடையில் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் எடுத்துக் காட்ட மாட்டார்கள்.

கிளம்பும்போது வாசல் வரை வந்த சகோதரி, "அப்ப இவனுக்கு இப்ப வேணாம், அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "ஆனா இந்த வீட்டுக்கு ஒரு போன் வேணும். அது உங்களுக்கு."

அவர் கையில் இருந்த ரப்பர் பேண்ட் போட்ட போனைப் பையன் ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு, "அம்மாவுக்கே வாங்கலாம் ஆன்ட்டி" என்றான்.

வாசகர்களே, நம் வீடுகளில் புதுப் போன் பிள்ளைக்கும், அவன் கழித்துப்போட்டது அம்மாவுக்கும் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. அதிகாலையில் தனியாகக் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் அம்மா. சம்பளம் வந்துவிட்டதா என்று பார்ப்பதும், மளிகைக்குக் காசு அனுப்புவதும், பிள்ளை வர நேரமானால் போன் போடுவதும் அவர்தான். உங்கள் வீட்டில் அடுத்து வாங்கும் போன் 5ஜியோ 4ஜியோ, அதை அவர் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்