இருபது ஆண்டுப் பொறுமை

பிள்ளைக்கு ஒரு குறையும் வரலாகாது என்று எண்ணாத பெற்றோர் இல்லை. ஆனால் ஒரு குறையும் வையாமல் வளர்ப்பதே பெருங்குறையாக முடிவதும் உண்டு. சீன இளவரசன் யின்ரெங்கின் வாழ்க்கை இதற்குச் சான்று.

அவன் தந்தை பேரரசர் காங்சி. 1661 முதல் 1722 வரை சீனாவை ஆண்ட அறிஞர். சேசு சபைக் குரு வெர்பியஸ்ட் அடிகளாரிடம் கணிதமும் வானநூலும் பயின்றவர். 1674-ல் யின்ரெங்கைப் பெற்றெடுத்த அன்றே பேரரசி உயிர் நீத்தாள். தாயற்ற அம்மகவின்மீது தந்தையின் பாசமெல்லாம் குவிந்தது. இரண்டு வயது நிரம்புமுன்னரே, 1676-ல், அவனைப் பட்டத்து இளவரசனாக்கினார். எழுத்தறிவைத் தாமே புகட்டினார். பையனும் கல்வியிலும் வில்வித்தையிலும் தேறினான். ஆனால் பாடம் கேட்ட முதிய ஆசிரியர்கள் அவன் முன் மண்டியிட்டிருந்தார்கள். பணிவை அவன் யாரிடம் கற்பான்?

1690-ல் போர்ப் பயணத்தில் தந்தை நோயுற்றார். காண வந்த மகன் முகத்தில் வருத்தத்தின் சாயலே இல்லை. மனம் நொந்த தந்தை அவனைத் திருப்பியனுப்பினார். ஆயினும் 1696-ல் மீண்டும் போருக்குச் சென்றபோது தலைநகரை அவனிடமே ஒப்படைத்தார். தாயின் சிற்றப்பனான அமைச்சர் சொங்கோத்து இளவரசனைச் சுற்றிக் கட்சி சேர்த்தார். 1703-ல் பேரரசர் அவரைச் சிறையிலிட்டார். அங்கேயே அவர் மாண்டார்.

1708-ல் வேட்டைப் பயணத்தின்போது கடைக்குட்டித் தம்பியருள் ஒருவன் நோயுற்று இறந்தான். தமையன் கண் கலங்கவில்லை. இரவில் அவன் தம் கூடாரத்தின் இடுக்கு வழியே உற்று நோக்குவதாகவும் தந்தை அஞ்சினார். அதிகாரிகளைக் கூட்டி, இருபது ஆண்டுகளாகப் பொறுத்திருந்ததாகச் சொல்லி, மகனின் பட்டத்தைப் பறித்தார். சொல்லிக்கொண்டே அழுது தரையில் விழுந்தார்.

உடனே உடன்பிறந்தாரிடையே போட்டி மூண்டது. தம்பியைக் கொல்லவும் தாம் ஆயத்தம் என்றார் மூத்தவர். அவரே சூனியம் வைத்தார் என்பது வெளிப்பட்டது. அவர் காவலில் வைக்கப்பட்டார். குற்றம் சூனியத்தினுடையதே என்று எண்ணிய தந்தை, 1709-ல் யின்ரெங்குக்குப் பட்டத்தைத் திருப்பித் தந்தார். மகன் மாறவில்லை. 1712-ல் பட்டம் மீண்டும் பறிபோயிற்று. காவலிலிருந்தவாறே 1715-ல், மனைவிக்கு மருத்துவம் பார்க்க வந்தவர் வழியாக, படிகார நீரால் எழுதிய மறைமடல் அனுப்பினான், அதுவும் பிடிபட்டது. 1725-ல், தம்பி யோங்செங்கின் ஆட்சியில், ஐம்பதாம் வயதில் காவலிலேயே இறந்தான்.

யோங்செங் இதனின்று பாடம் கற்றார். 1723-ல் தம் வாரிசின் பெயரை எழுதி, பெட்டியில் அடைத்து, அரண்மனைப் பலகையின் பின்னே மறைத்து வைத்தார். பட்டம் தனக்கே என்று எந்தப் பிள்ளையும் இறுமாவாதிருக்கவே இந்த ஏற்பாடு.

பெற்றோரே, நம் இல்லங்களில் அரியணை இல்லை. ஆயினும் ஒரு பிள்ளையை மட்டும் உயர்த்திப் பேசுவதும், அவன் தவற்றைக் கண்டும் காணாதிருப்பதும் நம்மிடையே உண்டு. இருபது ஆண்டுகள் பொறுத்தேன் என்றார் காங்சி. அந்தப் பொறுமையைப் பாசம் என்று அவர் நம்பினார். முதல் ஆண்டிலேயே மகனை அருகில் அமர்த்தி, வருந்தினாலும் பரவாயில்லையென்று ஒரு சொல் கண்டித்திருந்தால், அன்று அதிகாரிகள் முன் தரையில் விழுந்து அழ நேர்ந்திராதோ, என்னவோ!