மைத்துனன் தாழ்த்திய கார்

ஐப்பசி மழையில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மைத்துனனின் காரில் கிளம்பினோம். பின்சக்கரங்கள் தள்ளுகிற வேகக் கார். அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தான். "ஒரு மணையைப் போட்டிருக்கலாமே!" என்றாள் என் மனைவி.

வழியில் அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். காரின் பின்பக்கம் பாம்பாய் நெளிந்தது. அவள் மடியிலோ குழந்தை! சிதம்பரம் வருமட்டும் யாரும் பேசவில்லை.

"டயர் புதுசுதான், அத்தான்!" என்று சாதித்தான் மைத்துனன். மெக்கானிக் உள்ளோரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். வழுக்கை! காரைத் தாழ்த்தியதில் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்துவிட்டதாம். ஒருபக்கம் தேய்கிற செருப்பைப் போல, உள்விளிம்பு மட்டுமே சாலையைத் தொட்டிருக்கிறது. பிடி எங்கிருந்து வரும்? மழைநீரை வெளியேற்றுவது டயரின் பள்ளக் கோடுகள்தாம்; அவற்றின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுசு முடிந்தது. போதாததற்கு, வெட்டின ஸ்பிரிங் குழியில் இடித்து டயரைத் துள்ள வைக்கும்.

"அகல டயராகப் போட்டுடலாமா?"

"அதுவும் ஓரத்திலேதான் நிற்கும், தம்பி. முதல்லே சரியான ஸ்பிரிங், அப்புறம் வீல் அலைன்மெண்ட், புது டயர். காற்று, கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுப்படி."

வீட்டில் கார் வைத்திருக்கும் சகோதரிகள், வண்டி நிற்கும்போது டயரின் உள்ளோரத்தைத் தடவிப் பாருங்கள். கை கறுத்தால் சோப்பு இருக்கிறது.

நாங்கள் பஸ்ஸில் கடலூர் திரும்பினோம்.