ஆறு ஈர்க்குகளும் ஓர் அணுப்படலமும்

கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால் 'டக்' என்ற ஒலியுடன் தீப்பொறி பறக்கிறது. பாட்டரி இல்லாத லைட்டரிலும் இது நிகழ்வது எப்படி? உள்ளேயுள்ள சிறு சுத்தி ஒரு பீங்கான் துண்டைத் தட்டுகிறது. அத்துண்டில் மின்னழுத்தம் உண்டாகிறது. இதுவே பீசோ மின்விளைவு. 1880-இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ் முதலிய படிகங்களில் இதைக் கண்டனர். மறு ஆண்டே லிப்மன் என்னும் அறிஞர், மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாற வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னார். சகோதரர்கள் சோதித்து உறுதி செய்தனர்.

இன்று நானோ அளவுப் பொருள்களுக்கு இத்தகைய கணக்குகளைக் கணிப்பொறி போடுகிறது. "அப்படியிருக்க மாணவன் கையால் மாதிரி செய்வானேன்?" என்று கேட்போர் உண்டு. எனக்கு இது உடன்பாடில்லை. ஏன் என்பதை நீங்களே செய்து பாருங்கள்.

10 செ.மீ. நீளமுள்ள ஆறு ஈர்க்குகளை சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து, ஒழுங்கான அறுகோணம் ஆக்குங்கள். மூலைகளில் மாறிமாறி +, − குறியிடுங்கள். மூன்று + மூலைகளின் சராசரி இடமும், மூன்று − மூலைகளின் சராசரி இடமும் நடு மையத்திலேயே இருக்கும். இப்போது எதிரெதிரான இரு மூலைகளை, மையத்திலிருந்து 9 செ.மீ. தொலைவுக்கு வருமாறு சமமாக உள்ளே தள்ளுங்கள். மற்ற நான்கும் மேலும் கீழும் விலகும். + சராசரி, (9 − 5 − 5) ÷ 3, அதாவது 0.33 செ.மீ. ஒரு பக்கம் நகர்கிறது. − சராசரி அதே அளவு மறுபக்கம் நகர்கிறது. மின்னூட்டங்கள் பிரிந்துவிட்டன!

இதே படத்தை ரப்பர் தாளில் வரைந்ததாகக் கொண்டு, கிடைத் தூரங்கள் அனைத்தையும் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். (9 − 4.5 − 4.5) ÷ 3 = 0. விளைவே இல்லை! இரண்டு கணக்கிலும் பிழையில்லை. பிணைப்பின் நீளம் மாறுமா, மாறாதா என்ற அனுமானமே விடையை மாற்றியது. உண்மைப் பொருளில் பிணைப்பு சிறிது நீளும், சிறிது திரும்பும், எலக்ட்ரான்களும் நகரும். எவ்வளவு என்று அறியத்தான் கணிப்பொறி தேவை.

இது வெறும் விளையாட்டன்று. மாலிப்டினம் டைசல்பைடின் ஓரடுக்குப் படலத்தை மேலிருந்து நோக்கினால், மாலிப்டினமும் கந்தகமும் இவ்வாறே மாறிமாறி அமைந்திருக்கும். தடிப்பு 1 நானோமீட்டருக்கும் குறைவு. இதன் இயற்கைப் படிகத்தில் அடுத்தடுத்த அடுக்குகள் எதிர்த்திசையில் திரும்பியிருப்பதால், ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுகிறது. அந்தப் பெரிய படிகத்தை வைத்தே முடிவு கட்டினால் விடை சுழி! ஆனால் ஓரடுக்கில் விளைவு உண்டு என்று 2012-இல் கணக்குகள் கூறின. 2014-இல் சோதனை மெய்ப்பித்தது. ஒற்றைப்படை அடுக்குகளில் மின்சாரம் தோன்றியது, இரட்டைப்படையில் தோன்றவில்லை.

ஆகவே விடைக்கு மட்டும் மதிப்பெண் தரும் நம் வழக்கம் மாற வேண்டும் என்பேன். "எதை அனுமானித்தாய்?" என்ற கேள்விக்கும் மதிப்பெண் வேண்டும். கணிப்பொறி அக்கேள்வியைத் தானாகக் கேட்காது. ஈர்க்குகளை வைத்துக்கொண்டு நீங்கள்தான் கேட்க வேண்டும்.