செல்லாக் காசு யார்?



போன முறை இந்த இடத்தில் மழைநீர் சேமிப்பு பற்றி எழுதியிருந்தார்கள். அதற்கு முன் மரம் வளர்ப்பு. நான் எழுதப்போவது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ரொம்பச் சின்னது. அகலம் 27 மில்லிமீட்டர், எடை 7.71 கிராம். அவ்வளவுதான். ஆனால் அது தினமும் நம்மைப் படுத்துகிற பாடு இருக்கே... அப்பப்பா!

கண்டுபிடித்துவிட்டீர்களா? பத்து ரூபாய் நாணயம்தான்!

எரிச்சலுக்கா நமக்குப் பஞ்சம்? நாளைக்குப் பரீட்சை என்றால் இன்றைக்கு ராத்திரி கரண்ட் போகும். குளிக்கப் போனால் குழாயில் தண்ணீர் நிற்கும். அப்பா போனுக்கு "உங்களுக்கு லோன் வேணுமா சார்?" என்று சாப்பிடும் நேரம் பார்த்து அழைப்பு வரும். இதெல்லாம் வரும், போகும். ஆனால் கையில் நல்ல காசை வைத்துக்கொண்டே காசில்லாதவன் மாதிரி நிற்கிறோமே, அந்த எரிச்சல் மட்டும் எனக்குப் போகவே மாட்டேன் என்கிறது.

சில மாதங்களுக்கு முன் நடந்தது இது. எங்கள் ஊருக்கு மாலையில் ஒரே ஒரு அரசுப் பேருந்துதான். அன்றைக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிய நேரமாகி அதைத் தவறவிட்டேன். மினி பஸ்ஸில் ஏறினேன். என் பையில் இருந்தது ஒரே ஒரு பத்து ரூபாய் நாணயம். நடத்துனர் அதைப் பார்த்ததும், "இது செல்லாது தம்பி, நோட்டு குடு" என்றார். "நோட்டு இல்லண்ணே" என்றேன். "அப்ப அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்க." அவ்வளவுதான். பஸ்ஸில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டிக்கெட் எடுக்காமல் ஏய்க்க வந்தவனைப் பார்ப்பது போல! இறங்கி, புத்தகப் பையைச் சுமந்துகொண்டு நடந்தேன். வழியெல்லாம் அந்த நடத்துனரை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

பாதி தூரம் நடந்த பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. அதோடு திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் நான்தான் கடையில் உட்காருவேன். அதற்கு முந்தின வாரம் ஒரு பாட்டி வந்தார். கீரை விற்கிற பாட்டி. பேரனுக்குக் காய்ச்சல் என்று பன் கேட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை எடுத்து நீட்டினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது செல்லாது பாட்டி, நோட்டு குடுங்க." அவர் ஒன்றும் சொல்லவில்லை. பன்னைத் திரும்ப வைத்துவிட்டு, காசை மறுபடி முடிந்துகொண்டு போய்விட்டார். நான் பாட்டுக்கு செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடத்துனர் என்னிடம் சொன்னதும் அதே வார்த்தை. நான் பாட்டியிடம் சொன்னதும் அதே வார்த்தை. எனக்காவது நடக்கத் தெம்பு இருந்தது. அவருக்குப் பேரனின் பசி இருந்தது.

அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன். "ஏம்ப்பா, பத்து ரூபா காயின் நாம ஏன் வாங்குறதில்ல?"

"எனக்கு என்னடா, வாங்குனா வாங்கிட்டுப் போறேன். மண்டியில வாங்க மாட்டேங்குறாங்க. அப்புறம் நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?"

சனிக்கிழமை மண்டிக்கு அப்பாவோடு போனபோது அங்கே கேட்டேன். "சில்லறைக் கடைக்காரங்க எங்ககிட்ட திருப்பி வாங்க மாட்டேங்குறாங்க தம்பி" என்றார்கள். இன்னொரு நாள் அதே மினி பஸ் நடத்துனரிடமே கேட்டேன். "ஜனங்க வாங்குறதில்லப்பா. மீதி குடுத்தா சண்டைக்கு வர்றாங்க" என்றார். பார்த்தீர்களா வேடிக்கையை! எல்லோரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். "நான் வாங்க மாட்டேன்" என்று சொல்கிற ஆள் ஒருத்தர்கூட இல்லை. எல்லோருமே "அவன் வாங்க மாட்டான்" என்றுதான் சொல்கிறார்கள்.

அப்படியானால் "செல்லாது" என்று முதலில் சொன்னது யார்?

அரசாங்கம் நிச்சயமாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் நாணயத்தை அடிப்பது மத்திய அரசு. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நாணயச் சாலைகள் இருக்கின்றன. அங்கே அடிப்பதை மக்களிடம் கொண்டு சேர்ப்பது ரிசர்வ் வங்கி. பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று அந்த ரிசர்வ் வங்கியே 2016 நவம்பரிலும், மறுபடி 2018 ஜனவரியிலும் அறிக்கை விட்டது. 2018 வரை 14 விதமான வடிவங்களில் வெளியிட்டிருக்கிறோம், பதினான்கும் செல்லும் என்று தெளிவாகச் சொன்னது.

பிறகு ஏன் இந்தச் சந்தேகம்? வதந்திதான் காரணம். "பத்து கோடு இருந்தா நல்லது, பதினைந்து கோடு இருந்தா கள்ளக் காசு. ரூபாய்க் குறி இல்லைன்னா டூப்ளிகேட்" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. ரூபாய்க் குறி எப்போது வந்தது? தமிழரான உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறியை மத்திய அரசு 2010 ஜூலையில்தான் ஏற்றுக்கொண்டது. 2011இல்தான் அது நாணயங்களில் ஏறியது. அதற்கு முன்பே அடித்த நாணயத்தில் அந்தக் குறி எப்படி இருக்கும்? பெயர் வைப்பதற்கு முன்னால் எடுத்த குழந்தைப் படத்தில் பெயர் எழுதியிருக்கிறதா என்று தேடுவது போல அல்லவா இருக்கிறது! கோடுகளும் அப்படித்தான். பழைய வடிவத்தில் பதினைந்து, புது வடிவத்தில் பத்து. இரண்டும் நல்ல காசுதான்.

சட்டமும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்களை 1000 ரூபாய் வரை கொடுத்துக் கடனைத் தீர்க்கலாம். அதாவது பத்து ரூபாய் நாணயம் என்றால் 100. ஐம்பது காசுகூட இன்றும் சட்டப்படி செல்லும், 10 ரூபாய் வரைக்கும். உண்மையிலேயே செல்லாமல் போனது 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும்தான். அவை 2011 ஜூன் 30ஆம் தேதியோடு விடைபெற்றன. செல்லாது என்று அறிவிக்க வேண்டியது அரசாங்கம். கடைத்தெருவும் பஸ்ஸும் அறிவிக்க முடியாது.

என் சித்தப்பா சென்னையில் இருக்கிறார். விடுமுறைக்குப் போனபோது இதே நாணயத்தை மாநகரப் பேருந்தில் கொடுத்தேன். நடத்துனர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அங்கே செல்கிற காசு எங்கள் ஊர் எல்லை வந்ததும் செல்லாமல் போகிறது என்றால், கோளாறு காசில் இல்லை. நம்மிடம்தான்!

"இப்பதான் ஜிபே வந்துடுச்சே, சில்லறைப் பிரச்சினையே இல்லையே" என்று நண்பன் ஒருவன் கேட்டான். வாஸ்தவம்தான். 2016இல் யுபிஐ வந்த பிறகு எங்கள் பெட்டிக்கடையிலும் அந்தக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. ஆனால் கீரைப் பாட்டியிடம் ஸ்மார்ட்போன் எங்கே இருக்கிறது? பஸ்ஸில் நின்ற என்னிடம்தான் எங்கே இருந்தது? பள்ளிக்கு போன் கொண்டுவரக் கூடாதே! போன் வைத்திருப்பவருக்கு இந்த நாணயம் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். போன் இல்லாதவருக்கு அதுதான் அன்றைய சாப்பாடு. கீரை விற்கிறவர், பூ விற்கிறவர், கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர் ஆகியோர் கையில்தான் இந்தக் காசுகள் வந்து தேங்குகின்றன. மற்றவர்கள் தள்ளிவிடுவது கடைசியில் ஏழையின் முந்தானையில் போய் முடிகிறது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் "கடைக்காரர் மகன் கடைக்காரரையே திட்டுறான்" என்பீர்கள். நூறு நாணயம் சேர்ந்தால் முக்கால் கிலோவுக்கு மேல் எடை. ஒரு நாள் முழுக்க நின்றுகொண்டே டிக்கெட் கொடுக்கிற நடத்துனர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். சின்னக் கடைக்காரர் அதை எண்ணி, கட்டி, கடையை அடைத்துவிட்டு வங்கிக்குப் போக வேண்டும். அங்கே "நாளைக்கு வாங்க" என்றால் அரை நாள் வியாபாரம் போச்சு. இந்தக் கஷ்டம் உண்மை. ஆனால் "எனக்குச் சுமையா இருக்கு" என்பது வேறு, "செல்லாது" என்பது வேறு. முதலாவது சிரமம். இரண்டாவது பொய்.

அதனால் நான் அப்பாவிடம் ஒரு மாதம் மட்டும் சோதனை செய்யலாம் என்று கேட்டேன். அரை மனசோடு சரி என்றார். சார்ட் பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன்: "இங்கு பத்து ரூபாய் நாணயம் வாங்கப்படும். கொடுக்கவும் படும்."

முதல் வாரம் கொட்டியது பாருங்கள்! எங்கெங்கோ உண்டியலில் தூங்கிய நாணயமெல்லாம் எங்கள் கடைக்கு வந்துவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டில் நிரம்பியது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் மீதிக் காசாகக் கொடுத்தபோது, நேற்று அதே நாணயத்தைக் கொடுத்துச் சர்க்கரை வாங்கிப் போன அண்ணன், "எனக்கு வேணாம், நோட்டா குடு" என்றார்! கொடுக்கும்போது செல்லும், வாங்கும்போது செல்லாதா? "அண்ணே, நேத்து நீங்க குடுத்ததுதான்" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

இரண்டாவது வாரத்திலிருந்து வருவதும் போவதும் ஓரளவு சரியாகிவிட்டது. மிஞ்சிய நாணயங்களை நூறு நூறாகப் பையில் கட்டி, அப்பாவும் நானும் வங்கிக்குக் கொண்டுபோனோம். காசாளர் முகம் கொஞ்சம் கடுகடுத்தது. ஆனால் எண்ணிக் கட்டியிருந்ததால் வாங்கிக்கொண்டார். நாணயங்களை வாங்க மறுக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் உத்தரவே இருக்கிறது. அதைச் சொல்லிச் சண்டை போடுகிற அவசியமே வரவில்லை. ஒரு மாதம் முடிந்து பல வாரம் ஆகிறது. அந்தச் சார்ட்டை அப்பா இன்னும் கழற்றவில்லை.

நண்பர்களே, நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று: நாம் யாருக்கும் "செல்லாது" என்று சொல்ல வேண்டாம். சில்லறை அதிகம் என்றால் "இன்னைக்கு நிறைய சேர்ந்துடுச்சு" என்று உண்மையைச் சொல்வோம்.

இரண்டு: மீதிக் காசாக யாராவது பத்து ரூபாய் நாணயம் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்குவோம். நாம் வாங்கினால்தான் அவர் அடுத்தவரிடம் வாங்குவார். காசு என்பது ஓடுகிற தண்ணீர். ஒரு இடத்தில் அடைத்தால் எல்லா இடத்திலும் தேங்கும்.

மூன்று: ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். காலைக் கூட்டத்தில் "இன்று ஒரு தகவல்" சொல்கிறோம் அல்லவா? ஒரு நாள் இதைச் சொல்ல அனுமதி தாருங்கள். இத்தனை மாணவர்கள் கேட்டால் இத்தனை வீடுகளுக்குச் செய்தி போகும். இத்தனை வீடு என்றால் எங்கள் கடைத்தெரு பாதி வந்துவிடும்!

கடைசியாக ஒன்று. அந்தக் கீரைப் பாட்டி அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. போன வாரம் சந்தையில் பார்த்தேன். "பாட்டி, இப்ப எங்க கடையில அந்தக் காசு வாங்குறோம்" என்றேன். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. "இருக்கட்டும் ராசா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கீரைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

ஒரு கட்டு அரைக்கீரை வாங்கினேன். மீதியாகப் பத்து ரூபாய் நாணயம் கொடுத்தார். கொடுக்கும்போது, நான் வாங்குவேனா மாட்டேனா என்று என் முகத்தையே பார்த்தார்.

வாங்கிக்கொண்டேன்.

நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்