பாட்டைக் கேட்டோம், பாடியவரைப் பார்த்தோமா?



இசைக் கலைஞர்களின் வாழ்க்கையைப் படமாக எடுக்கும் வழக்கம் இப்போது பெருகி வருகிறது. மராத்தி நாடக மேடையில் பெண் வேடமிட்டுப் பாடிப் புகழ்பெற்ற பால கந்தர்வரின் கதை 2011-இல் மராத்தி மொழியில் படமாயிற்று. பஞ்சாபி நாட்டுப்பாடகர் அமர் சிங் சம்கீலாவின் கதை 2024-இல் இந்தியில் வந்தது. அதற்கு இசையமைத்தவர் நம் ஏ. ஆர். ரகுமான். அதே ஆண்டில் இளையராஜாவின் வாழ்க்கையும் படமாகப் போகிறது என்ற அறிவிப்பு வெளியாயிற்று.

"அடுத்து யாருடைய கதையை எடுக்கலாம்?" என்று ஒரு பேச்சு வந்தால், வீட்டுக்கு வீடு ஒரு பெயர் கிளம்பும். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். தாத்தா ஒரு பெயர் சொல்வார், அம்மா ஒரு பெயர் சொல்வார், பிள்ளைகள் வேறு பெயர் சொல்வார்கள். நான் மூன்று பெயர்களைச் சொல்கிறேன். மூவருமே பெரும் புகழ் பெற்றவர்கள்தாம். ஆனால் அந்தப் புகழுக்காக நான் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூவர் வாழ்க்கையிலும் ஒரே கேள்வி நிற்கிறது: பாட்டுக்குக் கொடுத்த மரியாதையை, பாடியவருக்கு நாம் கொடுத்தோமா?

முதலாமவர், திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை.

1898-இல் திருமருகலில் பிறந்தவர். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையின் வீட்டில் வளர்ந்தவர். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று இவரை அழைத்தார்கள். தோடி ராகம் என்றாலே இவர் பெயர்தான் முதலில் வரும். 1947-இல் இந்தியா விடுதலை பெற்ற நாளில், வானொலியில் மங்கலமாக முழங்கியது இவருடைய நாதஸ்வரம்.

இவ்வளவு பெரிய கலையை நாடு எப்படி வைத்திருந்தது தெரியுமா? சாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் மணிக்கணக்காக நடந்து நடந்து ஊத வேண்டும். பெரிய மனிதர் வீட்டுக்குப் போனால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே வாசிக்க வேண்டும். பாடகரும் பிடில்காரரும் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து கச்சேரி செய்வார்கள். நாதஸ்வரக்காரருக்கு அந்த மேடை இல்லை. இசை ஒன்றுதான், ஆனால் இருக்கை வேறு!

ராஜரத்தினம் பிள்ளை இதற்கு இணங்க மறுத்தார். மேடை போட்டு, அதில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். கிராப்பு வைத்துக்கொண்டார், சட்டை போட்டார், கோட்டும் ஷெர்வானியும் அணிந்தார், வைரம் மின்ன வந்து உட்கார்ந்தார். ஊர் இதைத் திமிர் என்று பேசிற்று. சற்று யோசித்துப் பாருங்கள். காலகாலமாகக் குனிந்து நின்ற ஒரு கூட்டத்தில் ஒருவர் முதன்முதலாக நிமிர்ந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அது திமிராகத்தானே தெரியும்?

கருவியையும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை. பழைய நாதஸ்வரம் திமிரி எனப்படும் குட்டையான வகை. சுருதி மிக உயர்ந்தது. திறந்த வெளிக்கும் தேரோடும் வீதிக்கும் ஏற்றது, ஆனால் நான்கு சுவருக்குள் காதைத் துளைக்கும். நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த நீண்ட, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைக் கையிலெடுத்தார் பிள்ளை. மரத்தைக் கடைந்த ஆசாரியும் ஊதிய வித்துவானும் சேர்ந்து ஒரு கருவிக்கு மறுபிறவி கொடுத்தார்கள். அந்த நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அவரிடம் குறைகளும் உண்டு. பிடிவாதக்காரர், குடிப்பழக்கம் உள்ளவர், வாங்கிய காசு கையில் தங்காது. 1956-இல் காலமானார். படம் எடுப்பவர் இந்தக் குறைகளையும் மறைக்காமல் காட்ட வேண்டும் என்பேன். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தைத் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தன்மானம் மிக்க அந்த நாதஸ்வரக்காரர் கற்பனைப் பாத்திரம். உண்மையாகவே வாழ்ந்த ஒருவரின் கதை அதைவிடச் சூடானது.

இரண்டாமவர், கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

இவரை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில், ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்ட முருகனைச் சமாதானம் செய்யும் ஔவைப் பாட்டி இவர்தான். அந்தக் குரல் நம் கோயில் ஒலிபெருக்கியில் எத்தனை விடியற்காலையில் ஒலித்திருக்கிறது! ஆனால் அந்தப் பாட்டியின் இளமைக் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

1908-இல் கொடுமுடியில் பிறந்த ஏழைப் பெண் அவர். சிறுமியாக ரயில் பெட்டிகளில் பாடி, பயணிகள் போடும் சில்லறையில் பிழைத்தவர். அந்தக் குரலைக் கேட்டு வியந்தவர்களால் நாடக மேடைக்கு வந்தார். வேலு நாயர் குழுவில் நடித்தார். கடல் கடந்து இலங்கைக்குப் போய்க் கொழும்பு மேடையில் புகழ் பெற்றார். அங்கேதான் செங்கோட்டை கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்து நடித்தார். இரண்டு பெருங்குரல்கள் ஒரே மேடையில் மோதியதைக் கேட்கச் சனம் திரண்டது. 1927-இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி உண்டு. இருவரின் சாதியும் வேறு வேறு. அந்த வாழ்க்கையில் பிரிவும் இருந்தது, கண்ணீரும் இருந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

தாய்மார்களே, 25 வயதில் விதவையான ஒரு பெண்ணை அந்தக் காலம் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். மூலையில் உட்கார வைக்கும். இவர் மூலையில் உட்காரவில்லை. 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமிட்டு நந்தனாராகவே நடித்தார். கோயிலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்று உருகிய அடியவராக, மங்கல காரியங்களில் ஒதுக்கி வைக்கப்படும் கைம்பெண் ஒருவர் நடித்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது! ரயிலில் காலணாவுக்குப் பாடிய அதே தொண்டைக்குத்தான் அந்த லட்சம்.

பிறகு காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாடல்கள் பாடினார். 1953-இல் ஜெமினியின் 'ஔவையார்', 1964-இல் 'பூம்புகார்' என்று நடித்தார். சென்னையில் சட்ட மேலவை உறுப்பினராக அமர்ந்தார். 1969-இல் வந்த 'துணைவன்' படத்தில் பாடியதற்குத் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீ பட்டமும் பெற்றார். 1980-இல் மறையும்வரை அந்த வெள்ளைச் சேலை மாறவில்லை. இதைப் படமாக எடுப்பவர் காதல் கதையோடு நிறுத்திவிடக் கூடாது. கிட்டப்பா போன பிறகு அவர் தனியாக வாழ்ந்த 47 ஆண்டுகள்தாம் பெரிய கதை.

மூன்றாமவரைப் பார்க்க நாம் கடல் தாண்ட வேண்டாம். நம் மண்ணின் பி. ரம்லி.

மலாய்க் கலைஞரை ஏன் இங்கே சேர்க்கிறேன் என்று கேட்பீர்களோ? கேட்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். தொலைக்காட்சியில் அவர் படம் ஓடினால் நம் வீடுகளிலும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அவரை நமக்குத் தந்த அந்தப் படக்கொட்டகைக்குள் இந்தியர் கையும் இருந்தது. 1929-இல் பினாங்கில் பிறந்த அந்த இளைஞர் 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் பாடியதைக் கேட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்தவர், இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். 1950-இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர், தமிழரான எல். கிருஷ்ணன்.

பாடினார், இசையமைத்தார், நடித்தார், எழுதினார், 1955-இல் 'பெனாரிக் பேச்சா' தொடங்கி இயக்கவும் செய்தார். 'அனாக்கு சசாலி' படத்துக்காக 1957-இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். அறுபதுக்கு மேற்பட்ட படங்கள், நூற்றுக்கணக்கான பாடல்கள்.

1962-இல் அவர் எடுத்த 'இபு மெர்துவாக்கு' படத்தை நினைத்துப் பாருங்கள். பணக்காரத் தாய் ஒருத்தி, தன் மகள் இசைக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அவளை வெறுக்கிறாள். அவன் வாத்தியத்தைக் கேட்டு ஊரே மயங்கும், ஆனால் மருமகனாக மட்டும் அவன் ஆகாது. இந்தக் கதை அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதா? நம் வீடுகளில் நடக்கவில்லையா?

1964-இல் ரம்லி கோலாலம்பூருக்கு வந்தார். காலம் மாறியிருந்தது. இளைஞர்கள் கித்தார் இசைக்குப் போனார்கள், வண்ணப் படங்கள் வந்துவிட்டன, அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கூட்டம் குறைந்தது. பழைய பாணிக்காரர் என்று ஒதுக்கினார்கள். 1972-இல் கடைசிப் படம். 1973 மே 29-ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். வயது 44.

அதன் பிறகுதான் எல்லாம் வந்தது. 1982-இல் கோலாலம்பூரின் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1986-இல் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாயிற்று. 1990-இல் டான்ஸ்ரீ பட்டம் வந்தது. பட்டம் வந்தபோது அதை வாங்கிக்கொள்ள அவர் இல்லாமல் போய்ப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வாசகர்களே, இந்த மூன்று கதைகளையும் பெரிய இயக்குநர் யாராவது ஒரு நாள் எடுக்கட்டும். எடுத்தால் குடும்பத்தோடு போய்ப் பார்ப்போம். ஆனால் கொட்டகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபின் நாம் என்ன செய்யப் போகிறோம்? அதுதான் எனக்குக் கவலை.

நீங்கள் தோட்டத்திலேயே இருக்கலாம், லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோயிருக்கலாம். உங்கள் பக்கத்திலும் ஒரு கலைஞர் இருக்கிறார். காலையில் பால்மரம் சீவிவிட்டு மாலையில் கோயிலில் பஜனை பாடியவர் இருப்பார். திருவிழாவில் உறுமி அடித்தவர், தவில் வாசித்தவர், பொன்னர் சங்கர் கூத்தில் விடிய விடியப் பாடியவர் இருப்பார். அவருக்குப் படமும் வராது, பட்டமும் வராது. அவர் கண்ணை மூடினால் அந்தப் பாட்டும் அவரோடு போய்விடும்.

ஆகவே மூன்று காரியங்கள் சொல்கிறேன். மூன்றுமே பெரிய செலவில்லாதவை.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மேளக்காரருக்கு எந்தப் பந்தியில் இலை போடுகிறீர்கள் என்று பாருங்கள். எல்லோரும் எழுந்து போன பிறகு, ஆறிய சோற்றுக்கு அவரைக் காத்திருக்க வைக்காதீர்கள். பேசிய கூலியை அன்றே, குறைக்காமல், கையில் கொடுத்து வணங்கி அனுப்புங்கள்.

வயதான கலைஞர் ஒருவர் இருந்தால், பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். கைப்பேசி இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதில் அவர் பாட்டை மட்டும் பதிவு செய்யாதீர்கள். எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார், எந்தத் தோட்டத்தில் என்ன பாடுபட்டார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, உங்கள் பிள்ளை மிருதங்கமோ வயலினோ கற்க ஆசைப்பட்டால், "அது சோறு போடுமா?" என்று எடுத்த எடுப்பில் வாயை அடைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. வறுமையைப் பார்த்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். படிப்பை விட்டுவிடாமல் இதையும் கற்றுக்கொள் என்று சொல்லுங்கள். ரயிலில் பாடிய அந்தச் சிறுமியைப் பார்த்தும் ஊர் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வட்டாரத்துப் பெரியவர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போங்கள். அவர் நாற்காலியில் உட்காரட்டும், நீங்கள் கீழே உட்கார்ந்து கேளுங்கள்.